மஞ்சள் ஊற்றிய மிசின்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவன் இல்லை, அதைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு பேர் கனடாவில், ஒருத்தி பிரான்சில், கடைசி மகள் நல்லூரில். இந்த ஐந்து பேரின் உடுப்புகளையும், இவர்களின் தகப்பனுடைய மீன்வாடை அடிக்கிற சாரங்களையும் இந்தக் கைகளால்தான் தோய்த்தேன். ஆகவே உடுப்புத் தோய்க்கிற மிசினைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன். அதற்கு மேல் இல்லை. அதனால் நான் சொல்ல, நல்லூர் மகளின் மகள் எழுதுகிறாள். ரியூசன் வகுப்பு முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒரு கொப்பியோடு என் கட்டிலில் வந்து இருப்பாள். புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது, ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். நான் ஆறுதலாகத்தான் சொல்லுவேன். அவசரப்படுத்தினால் நிறுத்திவிடுவேன். அது அவளுக்குத் தெரியும்.

எனக்கு மறதி வருத்தம் என்று முடிவு கட்டி, மயிலிட்டியில் இருந்து என்னை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தை பிறந்ததும் அங்கே என் வீட்டை வாடகைக்குக் கொடுக்கப் போகிறார்களாம். எனக்கு மறதி இல்லை. நடந்தது வேறு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன ஆனி மாதம் கிணற்றடியில் விழுந்தேன். பாசி பிடித்த இடம் என்று தெரிந்தும் கால் வைத்தேன், அது என் பிழை. வலது மணிக்கட்டு உடைந்தது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பாதி தோய்த்த சேலை ஒரு பக்கம். பக்கத்து வளவுக்காரிதான் சத்தம் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளும் நானும் ஒரே வயது, ஒரே ஊர். ஒரே நாளில் ஊரை விட்டு ஓடி, ஒரே மாதத்தில் திரும்பி வந்தவர்கள்.

"எடியே, செத்துப்போனியே, இருக்கிறியே?" என்று கேட்டாள்.

"இருக்கிறன். உனக்கு முந்திப் போகமாட்டன். வந்து தூக்கு."

"பொறு, வாறன். செத்திருந்தா ஆறுதலா வந்திருப்பன்."

அப்படிக் கதைக்கிறவள் அவள். ஆனால் ஓட்டோ பிடித்து, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆசுபத்திரி வரைக்கும் வந்தவளும் அவள்தான்.

கையில் கட்டுப் போட்டு ஆறு கிழமை நல்லூரில் மகளோடு இருந்தேன். கட்டு வெட்டின பிறகும் அந்தக் கையால் ஒரு துணியைப் பிழிய முடியவில்லை. பிள்ளைகள் போனில் கூடிக் கதைத்தார்கள். ஒன்றில் அம்மா நல்லூரோடு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மயிலிட்டி வீட்டுக்கு ஒரு மிசின் வாங்கவேண்டும், அம்மா கிணற்றடிக்குப் போகக்கூடாது. தோய்க்கவும் கூடாது, குளிக்கவும் கூடாது. மோட்டர் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றும், குழாய் எல்லாம் வீட்டுக்குள்ளே இருக்கிறது, பிறகு என்ன கிணறு என்று கேட்டார்கள்.

என்ன கிணறு என்று கேட்டால் என்ன சொல்வது? சண்டைக்குள் ஆமி ஊரைப் பிடித்து மூட, வெளிக்கிட்டு இருபத்தேழு வருடம் அடுத்தவர் கிணற்றில்தான் எங்கள் சீவியம் நடந்தது. உடுப்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டில் எங்கள் வாளி அவர்களின் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. அந்த வீட்டு அம்மா அள்ளி, எங்கள் குடத்தில் படாமல் உயரத்தில் இருந்து ஊற்றுவா. பக்கத்து வளவுக்காரியும் நானும் குடத்தை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்போம். "கோயிலிலை தீர்த்தம் வாங்கிற மாதிரிக் கிடக்கடி," என்று அவள் என் காதுக்குள் சொல்லுவாள். நான் சிரிக்கமாட்டேன். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது.

என் மனுசன் ஊர் திறக்க ஒரு வருடம் முந்திக் கண்ணை மூடிவிட்டார். நான் மட்டும்தான் திரும்பி வந்தேன். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் கல்லும் கம்பியும் கிடந்தன. இறைத்துத் துப்புரவாக்கி முதல் வாளி அள்ளிக் குடித்தபோது நல்ல உவர்ப்பு. கடல் பக்கத்தில், அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அது என் கயிறு, என் வாளி, என் கிணறு. யாரையும் கேட்கத் தேவையில்லை. இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் கேட்டார்கள்.

நான் மிசினுக்குச் சம்மதித்தேன். நல்லூருக்குச் சம்மதிப்பதை விட அது மேல். கிணற்றடிக்குப் போகமாட்டேன் என்று மகளின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

மிசின் வாங்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம். மகள், நான், மகளின் போன். போனுக்குள் மூத்தவனும் சின்னவனும். கடையில் வரிசையாக மிசின்கள் நின்றன, எல்லாம் வெள்ளை. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து விளக்கம் சொன்னார். என்னைப் பார்த்து அல்ல, போனைப் பார்த்து.

"முன்பக்கம் திறக்கிறதுதான் நல்லம். தண்ணி கொஞ்சமாத்தான் எடுக்கும்," என்றான் மூத்தவன்.

"அதுக்கு நிலத்திலை குந்தவேணும்," என்றேன் நான். "குந்தினால் எழும்ப ஆள் வேணும். நீ கனடாவிலை இருந்து வந்து தூக்கிவிடுறியோ?"

கழுத்துப்பட்டிக்காரர் சிரித்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ரெண்டு தொட்டி உள்ளதைப் பாருங்கோ அம்மா. திருகிறதுதான், லேசு," என்றான் சின்னவன்.

அதைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒரு தொட்டியில் தோயுமாம், பிறகு ஈரத்தோடு தூக்கி மற்றத் தொட்டியில் போடவேண்டுமாம், அது பிழியுமாம். "ஈரச்சேலை எவ்வளவு பாரம் எண்டு உனக்குத் தெரியுமே? இந்தக் கையாலை அதைத் தூக்க ஏலுமெண்டால் நான் கல்லிலேயே அடிப்பன்."

அடுத்தது மேலால் திறக்கிறது, எல்லாம் தானாகச் செய்கிறது. மகளுக்கு ஒன்று நல்லாகப் பிடித்துவிட்டது. பெரியது, கண்ணாடி மூடி. நான் முகம் துடைக்கிற லேஞ்சியை இடுப்பில் இருந்து எடுத்து உள்ளே போட்டேன்.

"என்னம்மா செய்யிறியள்?"

"போட்டதை எடுக்கவேணுமெல்லோ. எடுத்துப் பார்க்கிறன்."

குதிக்காலைத் தூக்கினேன், ஒரு பக்கம் சரிந்தேன், தோள் வரைக்கும் உள்ளே விட்டேன். லேஞ்சி அடியில் கிடந்து என்னைப் பார்த்தது. விரல் எட்டவில்லை. வாங்க வந்த வேறு சனமும் பார்த்துக்கொண்டு நின்றது.

"அம்மா, ஒரு சின்னக் கதிரை வைச்சு ஏறி எடுக்கலாம்," என்றார் கழுத்துப்பட்டிக்காரர்.

"கிணத்தடியிலை விழாமல் கதிரையிலை இருந்து விழச் சொல்லுறியள்," என்றேன். மகள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் வெட்கப்பட்டாள். நான் வெட்கப்படவில்லை. தோய்க்கப் போவது நான்.

நாலாவது மிசினில்தான் லேஞ்சி கைக்கு வந்தது. கட்டையானது, ஆழம் குறைந்தது. உடம்பு பிளாஸ்ரிக், கடற்காற்றுக்கு இரும்பு ஒரு மாரி தாங்காது என்று எனக்குத் தெரியும், அதை நானே கேட்டு உறுதிப்படுத்தினேன். தாங்கியில் இருந்து வருகிற தண்ணீரின் வேகம் போதுமா என்றும் கேட்டேன். போதும் என்றார். நெற்றியில் மட்டும் பொத்தான்கள். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் கீழே இங்கிலிசு.

"தம்பி, இதிலை எனக்கு எத்தினை பொத்தான் தேவை?"

"ரெண்டு காணும் அம்மா."

"அப்ப மற்றப் பத்தும் ஆருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது பிள்ளையளுக்கு அம்மா. அவையள் பாத்துத்தானே வாங்கித் தருகினம்."

நல்ல மனுசர். அதையே வாங்கினோம்.

மிசினைப் பின் விறாந்தையில் பூட்டினார்கள். அங்கே இருந்த ஒரே குழாயில் மிசினின் வாயை முடுக்கிவிட்டார்கள். புதுச் சாமான் என்பதால் நெற்றியில் திருநீறு பூசி, கற்பூரம் காட்டினேன். சைக்கிள் வாங்கினாலும் மோட்டர் வாங்கினாலும் அப்படித்தான் எங்கள் வீட்டில். பேத்தி தன்னுடைய ஒட்டுப்பொட்டில் மூன்றை எடுத்து, முதலில் அமத்துகிற பொத்தானில் ஒன்றும், பிறகு அமத்துகிறதில் இரண்டும் ஒட்டினாள். சிவப்புப் பொட்டு. நான் பொட்டு விட்டு ஒன்பது வருடம். மிசின் வைத்துக்கொண்டது.

மூத்தவன் போனில் சொன்னான்: "ஆறு மாதம் பாப்பம் அம்மா. நீங்கள் தனிய இதைப் பாவிச்சுச் சமாளிச்சால், மயிலிட்டியிலேயே இருங்கோ. இல்லாட்டி நல்லூர்."

சமாளித்தேன். ஒரு பொட்டு, பிறகு இரண்டு பொட்டு, மூடி. அவ்வளவுதான். வேலை முடிந்தால் அது ஒரு பாட்டுப் பாடும். முதல் நாள் படலையில் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழும்பிப் போய்ப் பார்த்தேன். கல்லில் தோய்த்தால் உடம்புக்கு வேலை இருந்தது, இதில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கதிரையைப் பக்கத்தில் போட்டு, அது சுற்றி முடியும் வரை இருப்பேன். பக்கத்து வளவுக்காரியும் வந்து இருப்பாள்.

"இதுக்கேனடி ரெண்டு பேர் காவல்? ஓடிப்போகப் போகுதே?" என்பாள். ஆனால் எழும்பிப் போகமாட்டாள். ஒரு நாள் தன் கட்டில் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். "உன்ரை ராட்சசி இதையும் விழுங்குமோ கேள்." தோய்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கால் கொண்டுவருவாள். பிழிந்து வருகிறதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்.

பேத்தி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் வந்து ஞாயிறு வரை நிற்பாள். அந்தக் கிழமையின் வெள்ளைச் சட்டை ஐந்தையும் ஒரு பையில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மகள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. நான் தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதை எல்லாரும் காணட்டும் என்று நினைத்தேன். அது என் பெருமை. அந்தப் பெருமையால்தான் எல்லாம் வந்தது.

ஐப்பசி மழைக்குள் ஒரு புதன்கிழமை பக்கத்து வளவுக்காரி போய்விட்டாள். காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தாள், மூன்றாம் நாள் காலமை எழும்பவில்லை. எனக்கு முந்திப் போகக்கூடாது என்று நான் ஒரு நாளும் அவளிடம் சத்தியம் வாங்கவில்லை.

வியாழக்கிழமை பகல் எடுத்தார்கள். சுடலைக்கு ஆம்பிளைகள் போனபிறகு நான் வீட்டுக்கு வந்தேன். மழை விட்டிருந்தது. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல், உடுத்ததை நனைக்காமல் வாசல்படி மிதிக்கக்கூடாது. சின்ன வயது தொடங்கி அப்படித்தான். படிக்கு வெளியே நின்றுகொண்டு யோசித்தேன். குளிக்கிற அறை வீட்டுக்குள்ளே. குழாய் வீட்டுக்குள்ளே. விறாந்தைக் குழாய் மிசினின் வாயில் இறுக்கிக் கிடந்தது, என் கைக்கு அது கழலவில்லை. நல்லூரில் இருந்து மகளைக் கூப்பிட்டால் வேலையில் இருந்து வர இரண்டு மணித்தியாலம்.

கிணற்றுக்குப் போனேன்.

சத்தியம் நினைவில் இருந்தது. மறக்கவில்லை. பாசி இல்லாத பக்கம் பார்த்து, கல்லைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கயிற்றை இழுத்து, வலது முழங்கையால் அண்டக் கொடுத்து அள்ளினேன். மாரித் தண்ணீர் மேலே நின்றது, அதனால் முடிந்தது. ஏழு வாளி தலையில் ஊற்றினேன். அவளுக்காக அழுதேன். அழுதுகொண்டு இருக்கும்போதே எனக்குள் ஒரு சந்தோசமும் வந்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு என் கிணற்றுத் தண்ணீர் என் தலையில். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதட்டும்.

கொடியில் கிடந்த காய்ந்த சேலையை மாற்றினேன். நனைந்த சேலையை இந்தக் கையால் பிழிய முடியுமா? அப்படியே மிசினுக்குள் போட்டு, பொட்டுகளை அமத்தினேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பேத்தி வரப்போகிறாள், அவளுடைய வெள்ளைச் சட்டைகள் அதற்குள் போகப்போகின்றன. அதோடு அந்த மிசின் நான் திருநீறு பூசிய சாமான். செத்தவீட்டுத் துடக்கு அதற்குள் போய்விட்டது என்று மனம் கிடந்து அரித்தது. வீட்டுக்குத் துடக்கென்றால் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அப்படியே மிசினின் மேலே தெளித்தேன். பிறகு யோசித்தேன், துடக்குப் போனது அதன் வயிற்றுக்குள் அல்லவா, மேலே தெளித்து என்ன? மிசினுக்குத் துடக்குக் கழிக்கிற முறையை எந்த ஐயரும் சொல்லித் தரவில்லை. நானே யோசித்தேன். அரை வாளி தண்ணீரில் ஐந்து கரண்டி மஞ்சள் கரைத்து உள்ளே ஊற்றி, மூடி, சுற்றவிட்டேன். நமக்கு முழுக்கு மாதிரி அதற்கும் ஒரு முழுக்கு. பிறகு வெறும் தண்ணீரில் ஒருக்கால் சுற்றவிட்டேன். எட்டிப் பார்த்தேன். துப்புரவாக இருந்தது.

ஆனால் உள்ளே பக்கத்தில் தும்பு பிடிக்கிற ஒரு வலைப்பை இருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை. மஞ்சள் எல்லாம் அந்தத் தும்பில் ஊறி நின்றிருக்கிறது.

சனிக்கிழமை ஐந்து வெள்ளைச் சட்டையும் போட்டேன், சவர்க்காரத்தூள் போட்டேன். பாட்டுப் பாடி முடிய மூடியைத் திறந்தால், எல்லாவற்றிலும் சிவப்பு. ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த மாதிரி ஒரு சிவப்பு. மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது எனக்குத் தெரியாததா? கண்டவுடன் விளங்கிவிட்டது. இரண்டு வெயில் கண்டால் மஞ்சள் போய்விடும், அதுவும் தெரியும். ஆனால் ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? விறாந்தைக் கொடியில் ஐந்தும் சொட்டுச் சொட்டாகத் தொங்கின. பேத்தி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "பரவாயில்லை அம்மம்மா, பழஞ்சட்டை ரெண்டு வீட்டை கிடக்கு," என்றாள்.

ஞாயிறு பின்னேரம் மகள் வந்தாள். குடையை மடக்கவில்லை, கொடியைக் கண்டுவிட்டாள்.

"ஐயோ, இதென்ன இரத்தமே?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப என்ன? என்ன போட்டனீங்கள்?"

நான் வாய் திறக்க முதல் அவள் மிசினுக்குப் பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். இரண்டு பால்மாப் பேணிகள் இருந்தன, ஒரே மாதிரி. ஒன்றில் சவர்க்காரத்தூள். மற்றதில் மஞ்சள், அன்று குசினியில் இருந்து கொண்டுவந்ததை நான் திருப்பி வைக்கவில்லை. இரண்டையும் திறந்து மணந்து பார்த்தாள்.

"அம்மா, பேணி மாறிப் போட்டிட்டியளோ?"

இந்த இடத்தைத்தான் ஆறுதலாகச் சொல்லவேண்டும். மஞ்சளை ஏன் ஊற்றினேன் என்று சொன்னால், செத்தவீட்டுச் சேலை என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னால் எங்கே குளித்தீர்கள் என்று கேட்பாள். என் மகள் அப்படிக் கேட்கிறவள்தான். கிணறு வெளியே வந்தால் சத்தியம் போச்சு, சத்தியம் போனால் வீடு போச்சு. இதெல்லாம் ஒரு கணத்தில் எனக்குள் ஓடிற்று. மறதிக்காரிக்கு அப்படி ஓடுமா?

"ஓம் பிள்ளை. மாறிப்போச்சு," என்றேன்.

ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"முந்தியும் இப்பிடி ஏதும் மாறினதோ அம்மா?"

பொய்யை நம்பும்படி சொல்லவேண்டும் என்று நினைத்து, "ஒண்டு ரெண்டு தரம்," என்றேன்.

அவள் என் நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டாள். சின்னப்பிள்ளைக்குச் செய்வது போல. அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் ஏசியிருந்தால் எதிர்த்துக் கதைத்திருப்பேன், கதைத்தால் உண்மையும் வந்திருக்கும்.

அடுத்த கிழமை ஒரு டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் தன்மையான ஆள். இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டார். அமாவாசை கழிந்து நாலாம் நாள் என்றேன். அது சரி அம்மா, திகதி என்ன என்றார். நான் மீன்பிடிக்காரன் பெண்சாதி. எங்கள் வீட்டில் அமாவாசையும் பறுவமும்தான் நாள். இங்கிலிசுத் திகதி கலண்டரில் இருக்கும், தேவையென்றால் பார்ப்போம். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கடதாசியும் பென்சிலும் தந்து, "ஒரு மணிக்கூடு கீறுங்கோ அம்மா. பதினொண்டு பத்து எண்டு முள்ளு வையுங்கோ," என்றார்.

நான் பென்சில் பிடித்தது மூன்றாம் வகுப்பில். பிடிக்கவேண்டியது உடைந்த கையால். வட்டம் கீறினேன், அது முட்டை மாதிரி வந்தது. இலக்கங்களை எழுதிக்கொண்டு போக எல்லாம் ஒரு பக்கத்தில் நெருக்குப்பட்டு, பத்துக்கும் பதினொன்றுக்கும் இடமில்லாமல் போய்விட்டது. "எனக்கு எழுதப் பழக்கமில்லை ஐயா," என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளுக்கு முன்னால், அந்தப் படித்த மனுசனுக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கடதாசியைத் திருப்பிக் கொடுத்தேன். மகள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது.

அன்று இரண்டு பையோடு நல்லூருக்கு வந்தேன். வர முதல் மிசினைப் பழஞ்சேலை ஒன்றால் மூடிவிட்டு வந்தேன். பொட்டுகள் அப்படியே இருக்கின்றன.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கோயில் மணி கேட்கும். மருமகன் பின்னேரத்தில் வடை வாங்கிவருவார். மகளும் ஒரு மிசின் வைத்திருக்கிறாள், ஆனால் நான் அதற்குக் கிட்டப் போனால், "விடுங்கோ அம்மா, நான் பாக்கிறன்," என்று ஓடிவருகிறாள். சவர்க்காரத்தூள் பேணியை என் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறாள். என் சேலைகளை அவளே தோய்த்து, மடித்து, கட்டில் தலைமாட்டில் வைக்கிறாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். அப்படி வாங்குகிறபோது, குடத்தை ஏந்திக்கொண்டு நின்ற அந்த வரிசை நினைவுக்கு வருகிறது. அங்கே எனக்குப் பக்கத்தில் ஒருத்தியாவது நின்றாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இரண்டு மாதமாக இதுதான் மனதில் கிடக்கிறது. எங்களுக்கு உயரத்தில் இருந்து தண்ணீர் ஊற்றிய அந்த வீட்டு அம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த நான்தான், அவளுடைய சாவு பட்ட சேலைக்காக ஐந்து கரண்டி மஞ்சள் ஊற்றினேன். அவள் உயிரோடிருக்கும்போது கிழமைக்கு ஒருக்கால் அவளுடைய விரிப்பை அதே மிசினில்தான் தோய்த்தேன், ஒரு துளி அருவருப்பும் இல்லாமல். அவள் கண்டிருந்தால், "என்னைக் கழுவ அஞ்சு கரண்டி காணுமோடி?" என்று கேட்டிருப்பாள். முறையைத்தான் செய்தேன். முறை பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் நினைக்கும்போது நெஞ்சு எரிகிறது.

மார்கழியில் நாலு நாள் நல்ல வெயில் எறித்தது. ஐந்து சட்டையும் வெளுத்துவிட்டன என்று பேத்தி கொண்டுவந்து காட்டினாள். தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன், ஓர் அடையாளமும் இல்லை. அதை மகளிடமும் காட்டச் சொன்னேன். மகள் பார்த்துவிட்டு, "நல்லதாப்போச்சு," என்றாள். அவ்வளவுதான். வாடகைக்கு வருகிறவர்கள் அடுத்த கிழமை வீடு பார்க்கப் போகிறார்களாம். கிணற்றுக்குக் கம்பிவலை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம், அவர்களுக்குச் சின்னப்பிள்ளை இருக்கிறதாம்.

மகளிடம் வாயால் சொல்ல மூன்று தரம் வெளிக்கிட்டேன். மூன்று தரமும் அவள் என் கையைப் பிடித்து, "சரியம்மா, யோசியாதேங்கோ," என்றாள். மறதிக்காரி சொல்லுகிற கதை என்று நினைக்கிறாள். எழுதி வந்தால் கேட்பாள். படித்தவள், எழுத்துக்கு மதிப்புக் கொடுப்பாள். சத்தியத்தை மீறியவள் என்று என்னை ஏசட்டும். அதற்காக வீட்டை வாடகைக்குக் கொடுத்தாலும் கொடுக்கட்டும். புத்தி கெட்டவள் என்று மட்டும் கொடுக்கவேண்டாம்.

எழுதினது காணும். மகள் வேலையால் வந்து குசினிக்குள் நிற்கிறாள், பானை சத்தம் கேட்கிறது.

"பிள்ளை, இனி எல்லாத்தையும் முதல்லை இருந்து வாசி."

"மெதுவாவோ அம்மம்மா?"

"சத்தமா வாசி. கதவைத் திறந்து வைச்சிட்டு வாசி. குசினிக்குக் கேக்கவேணும்."

அவள் கொப்பியைப் புரட்டிவிட்டு என்னைப் பார்க்கிறாள். "கிணத்துக் கதையையும் வாசிக்கிறதோ?"

"ஓம். அதிலை ஒரு சொல்லும் விடாதை."